பிளாட்டினம் மருந்தாகும் விதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்குள்ள கேள்விகளை இரண்டு தரப்பினர் கேட்கிறார்கள். ஒரு தரப்பு, கீமோ சீட்டில் சிஸ்பிளாட்டின், கார்போபிளாட்டின் என்ற பெயர்களைப் பார்த்துவிட்டு "இது நகைக்கடை பிளாட்டினமா?" என்று கேட்கும் நோயாளிகளின் குடும்பத்தார். மற்றது, கனிம வேதியியல் படித்துவிட்டு மருந்து ஆய்வுக்குள் நுழைய நினைக்கும் மாணவர்கள். இருவருக்கும் பொதுவானவற்றை முதலிலும், மாணவர்களுக்கு மட்டும் உதவுபவற்றைப் பின்னாலும் வைத்திருக்கிறேன். மருந்தின் அளவு பற்றிய எண்கள் விளக்கத்துக்காகவே தரப்பட்டுள்ளன. ஒருவருக்கு எவ்வளவு கொடுப்பது என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

நகைக்கடையில் விற்கும் பிளாட்டினமும் மருந்தில் உள்ள பிளாட்டினமும் ஒன்றுதானா?

அணு ஒன்றுதான், அது இருக்கும் நிலை வேறு. மோதிரத்தில் இருப்பது தனி உலோகம். வியர்வையோ, எலுமிச்சைச் சாறோ, வயிற்றில் சுரக்கும் அமிலமோ அதை அசைப்பதில்லை. மருந்தில் இருப்பது இரண்டு எலக்ட்ரான்களை இழந்து, தன்னைச் சுற்றி நான்கு துணைகளைச் சேர்த்துக்கொண்ட பிளாட்டினம். இந்தத் துணைகளை ஈனிகள் என்றும், இப்படி அமைந்த முழுப் பொருளை அணைவுச் சேர்மம் என்றும் பாடநூல்கள் சொல்கின்றன. சிஸ்பிளாட்டினில் நடுவில் ஒரு பிளாட்டினம், அதைச் சுற்றி இரண்டு அம்மோனியா, இரண்டு குளோரைடு, அவ்வளவுதான். கார்பன் அணு ஒன்றுகூட இல்லாத புற்றுநோய் மருந்து என்பதே அந்தக் காலத்து மருந்தியலாளர்களை முகம் சுளிக்க வைத்தது.

எடைக் கணக்கில் சிஸ்பிளாட்டினின் 65 விழுக்காடு பிளாட்டினமே. உடற்பரப்பு 1.6 சதுர மீட்டர் உள்ள ஒருவருக்குச் சதுர மீட்டருக்கு 75 மி.கி. வீதம் கொடுத்தால் மொத்த மருந்து 120 மி.கி.; அதில் உள்ள உலோகம் 78 மி.கி. ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே உலோகத்தின் விலை மருந்தின் விலையை ஏற்றுவதில்லை. அதே சமயம், "உலோகம் சாதுவானது, அதனால் சேர்மமும் சாது" என்றும் நினைக்கக் கூடாது. பிளாட்டினம் சுத்திகரிக்கும் ஆலைகளில் அதன் குளோரைடு உப்புத் தூளை மூச்சில் இழுத்த தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வருவது பல காலமாக அறியப்பட்ட தொழில்நோய்.

அப்படியானால் இது தங்க பஸ்பம் மாதிரியான ஒன்றா?

இல்லை. தென் அமெரிக்காவிலிருந்து வந்த பிளாட்டினத்தை ஐரோப்பிய அறிஞர்கள் ஆராயத் தொடங்கியதே 18-ஆம் நூற்றாண்டில்தான். நம் பழைய மருத்துவ மரபுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. உலோகம், உலோகப்போலி ஆகியவற்றை வைத்து மருந்து செய்யும் நவீன வழக்கம் சிஸ்பிளாட்டினுக்கு முந்தையது. மேகநோய்க்கு ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் கொண்டுவந்த ஆர்செனிக் மருந்தான சால்வர்சன் 1910-இல் விற்பனைக்கு வந்தது. காலா அசார் காய்ச்சலுக்குக் கொல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி 1920-களில் உருவாக்கிய யூரியா ஸ்டிபமைன் ஓர் ஆன்டிமனி மருந்து. தீப்புண்ணுக்குத் தடவும் களிம்பில் வெள்ளி இன்றும் இருக்கிறது. இவை எல்லாவற்றிலும் எந்த அணு எதனோடு எந்தத் திசையில் பிணைந்திருக்கிறது என்பதே கேள்வி. அந்தத் திசை மாறினால் என்ன ஆகும் என்பதற்குச் சிஸ்பிளாட்டினைவிட நல்ல உதாரணம் இல்லை. அதைப் பின்னால் பார்க்கலாம்.

பிளாட்டினம் புற்றுநோய்க்கு ஆகும் என்று யார், எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

கண்டுபிடித்தவர் புற்றுநோயைத் தேடிப் போனவர் அல்லர். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த பார்னெட் ரோசன்பர்க் ஓர் உயிரியற்பியலாளர். செல் பிளக்கும்போது உள்ளே தோன்றும் இழைகளின் வடிவம், காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் படியும் கோடுகளைப் போல இருப்பது அவர் கண்ணில் பட்டது. அப்படியானால் மின்புலம் செல் பிரிவதைப் பாதிக்குமோ என்ற ஐயத்தில், ஈகோலை பாக்டீரியா வளரும் கரைசலுக்குள் இரண்டு மின்முனைகளை வைத்து மாறுமின்னோட்டம் செலுத்தினார். மின்முனைக்குப் பிளாட்டினத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அது எதனோடும் வினைபுரியாது என்ற நம்பிக்கை.

மின்னோட்டம் பாய்ந்ததும் பாக்டீரியா பிளப்பதை நிறுத்தியது, வளர்வதை நிறுத்தவில்லை. குட்டையான குச்சி போல இருக்க வேண்டியவை இயல்பான நீளத்தைப் போல 300 மடங்கு வரை நீண்டு, சேமியா மாதிரி சுருண்டு கிடந்தன. முதலில் மின்புலத்தின் வேலை என்றுதான் நினைத்தார்கள். ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தபோது, மின்புலத்துக்கு இதில் பங்கில்லை என்றும், கரைசலில் இருந்த அம்மோனியம் குளோரைடோடு மின்முனை மெல்ல வினைபுரிந்து பத்து லட்சம் பங்கில் பத்துப் பங்கு அளவுக்குப் பிளாட்டினச் சேர்மத்தை விட்டிருக்கிறது என்றும் தெரிந்தது. ரோசன்பர்க், லொரெட்டா வான் கேம்ப், தாமஸ் கிரிகாஸ் ஆகிய மூவரும் 1965-இல் இதை வெளியிட்டார்கள். எதனோடும் வினைபுரியாது என்று நம்பி வைத்த பொருள் வினைபுரிந்ததால் கிடைத்த மருந்து இது. செல் சாகாமல் பிளப்பு மட்டும் நிற்கிறது என்றால், கட்டுக்கடங்காமல் பிளக்கும் புற்றுச் செல்லையும் அது நிறுத்துமா என்ற அடுத்த கேள்வி தானாக எழுந்தது. புற்றுக்கட்டி பதிக்கப்பட்ட எலிகளில் சோதித்துக் கட்டிகள் சுருங்கியதை 1969-இல் வெளியிட்டார்கள்.

வேதியியல் பக்கம் பார்த்தால் அந்தச் சேர்மம் ஏற்கெனவே நூற்றிருபது ஆண்டுப் பழசு. ஜெர்மனியின் கீசனில் வேதியியலாளர் லீபிக்கின் ஆய்வகத்தில் இருந்த இத்தாலியர் மிக்கேலே பெய்ரோனே அதை 1844-இல் தயாரித்திருந்தார். நான்கு ஈனிகளும் ஒரே தளத்தில் சதுரமாக அமர்ந்திருக்கின்றன என்று 1893-இல் வேதியியலாளர் ஆல்ஃப்ரெட் வெர்னர் வாதிட்டதற்கும் இந்தச் சேர்மம் சான்றாக நின்றது. நூறாண்டுக்கும் மேலாகப் பாடப்புத்தக உதாரணமாக மட்டுமே இருந்த ஒன்றை உயிருள்ள செல்லில் போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

"சிஸ்" என்றால் என்ன? "டிரான்ஸ்" வடிவம் ஏன் மருந்தாகவில்லை?

சதுரத்தின் நான்கு மூலைகளில் இரண்டு குளோரைடுகளும் அடுத்தடுத்த மூலைகளில் இருந்தால் சிஸ்; எதிரெதிர் மூலைகளில் இருந்தால் டிரான்ஸ். அணுக்களின் எண்ணிக்கையில் மாற்றமே இல்லை. ஆனால் குளோரைடுகள் கழன்றபின் காலியாகும் இரண்டு இடங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான், டிஎன்ஏ இழையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு குவானின்களை (டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்று) ஒரே பிளாட்டினம் பிடிக்க முடியும். டிரான்ஸ் வடிவத்துக்கு அந்தப் பிடி எட்டுவதில்லை.

இரண்டையும் பிரித்தறிய 19-ஆம் நூற்றாண்டிலேயே ரஷ்ய வேதியியலாளர் குர்னகோவ் ஓர் எளிய சோதனையைத் தந்துவிட்டார். மாதிரியைத் தயோயூரியா என்ற கந்தகச் சேர்மத்தோடு சேர்த்துச் சூடாக்க வேண்டும். சிஸ் என்றால் கரைசல் நல்ல மஞ்சளாகும்; நான்கு ஈனிகளையும் தயோயூரியா துரத்திவிடும். டிரான்ஸ் என்றால் குளோரைடுகள் மட்டுமே போகும், வெண்ணிற ஊசிப் படிகங்கள் விழும். விலை உயர்ந்த கருவிகள் உள்ள ஆய்வகத்திலும் மாணவர்களை இந்தச் சோதனையை ஒருமுறை செய்யச் சொல்வேன். சோதனைக் குழாயில் மஞ்சள் ஏறுவதைக் கண்ணால் பார்த்தவர்கள் அந்த வேறுபாட்டைப் பிறகு மறப்பதில்லை.

ஆய்வகத்தில் சிஸ்பிளாட்டினை எப்படித் தயாரிக்கிறார்கள்?

பெரும்பாலான ஆய்வகங்கள் இன்றும் கைக்கொள்ளும் வழி 1970-இல் ஓர் இந்திய வேதியியல் இதழில் தாரா என்ற வேதியியலாளர் வெளியிட்டது. பொட்டாசியம் டெட்ராகுளோரோபிளாட்டினேட்டில் பொட்டாசியம் அயோடைடைச் சேர்த்துக் குளோரைடுகளை அயோடைடுகளாக மாற்ற வேண்டும். பிறகு அம்மோனியா. அயோடைடு தனக்கு எதிர் மூலையில் உள்ள ஈனியைத் தளர்த்தும் குணம் கொண்டது. அதனால் முதல் அம்மோனியா வந்து உட்கார்ந்தபின், இரண்டாவது அம்மோனியா ஓர் அயோடைடுக்கு எதிரே உள்ள இடத்தையே பிடிக்கிறது, சிஸ் வடிவம் தானாக அமைகிறது. விழும் மஞ்சள் வீழ்படிவில் வெள்ளி நைட்ரேட் சேர்த்து அயோடைடை வெள்ளி அயோடைடாக வடிகட்டிவிட்டு, கடைசியில் பொட்டாசியம் குளோரைடு சேர்த்தால் சிஸ்பிளாட்டின் கிடைக்கும். அயோடைடை உள்ளே கொண்டுவந்து, வேலை முடிந்ததும் வெளியே அனுப்பும் இந்தச் சுற்றுவழி நேர்வழியைவிடச் சுத்தமான பொருளைத் தருகிறது.

உடலுக்குள் அது எப்படி வேலை செய்கிறது?

இரத்தத்தில் குளோரைடு அதிகம், லிட்டருக்குச் சுமார் 100 மில்லிமோல். சுற்றிலும் இவ்வளவு குளோரைடு இருக்கும்போது மருந்தின் குளோரைடு எளிதில் கழன்று போவதில்லை; போனாலும் இன்னொன்று வந்து ஒட்டிக்கொள்கிறது. செல்லுக்குள் நுழைந்ததும் குளோரைடு அளவு பல மடங்கு குறைகிறது. அங்கே ஒரு குளோரைடு கழன்று அந்த இடத்தில் நீர் உட்காருகிறது. நீர் மிகத் தளர்வான ஈனி. அதைத் தள்ளிவிட்டுப் பிளாட்டினம் டிஎன்ஏவின் குவானினில் உள்ள ஒரு நைட்ரஜனைப் பற்றுகிறது. பிறகு இரண்டாவது குளோரைடும் போய், பக்கத்துக் குவானினையும் பற்றுகிறது. இப்படி இரண்டு கையாலும் பிடித்த இடத்தில் டிஎன்ஏ ஏணி வளைந்துவிடுகிறது. அந்த வளைவின் படிக அமைப்பை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் லிப்பர்டின் குழு 1995-இல் வெளியிட்டது. வளைந்த இடத்தில் நகலெடுக்கும் நொதிகள் தடுக்கி நிற்கின்றன. செல் சரிசெய்யப் பார்க்கிறது. முடியாவிட்டால் தன்னையே அழித்துக்கொள்கிறது.

உள்ளே போகும் பிளாட்டினத்தில் மிகச் சிறு பங்கே டிஎன்ஏவைச் சேர்கிறது. மீதியை வழியிலேயே கந்தகம் பிடித்துக்கொள்கிறது: இரத்தத்தில் ஆல்புமின் புரதம், செல்லுக்குள் குளுட்டாதயோன் என்ற கந்தகச் சிறு மூலக்கூறு. பிளாட்டினத்துக்குக் கந்தகத்தின் மேல் உள்ள ஈர்ப்பு அவ்வளவு. எனவே பிளாட்டின மருந்தை வடிவமைப்பவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது அது எதைப் பிடிக்கும் என்பதை அல்ல. எந்த இடத்தில், எவ்வளவு நேரத்தில் தன் பழைய துணையை விடும் என்பதை. சீக்கிரம் விட்டால் போகும் வழியில் கண்டதையெல்லாம் பிடித்து நஞ்சாகும். விடவே மறுத்தால் சிறுநீரில் போய்ச் சேரும்.

எந்தப் புற்றுநோய்களுக்குப் பயன்படுகிறது?

மிகப் பெரிய வெற்றி விந்தகப் புற்றுநோயில். 1974-இல் இண்டியானா பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் சிஸ்பிளாட்டினை வின்பிளாஸ்டின், பிளியோமைசின் ஆகியவற்றோடு சேர்த்துக் கொடுத்தார். அதற்கு முன் இந்நோய் உடலெங்கும் பரவிவிட்டால் பத்தில் ஒருவர் பிழைப்பதே அரிது. இப்போது பரவிய நிலையிலும் பத்தில் எட்டுப் பேர் வரை குணமாகிறார்கள். 1978 டிசம்பரில் அமெரிக்காவில் விந்தக, சூலகப் புற்றுநோய்களுக்கு அனுமதி கிடைத்தது. நுரையீரல், சிறுநீர்ப்பை, தலை-கழுத்துப் பகுதிகளிலும் இது பயன்படுகிறது.

நம் நாட்டில் கூடுதலாகப் பயன்படும் இரண்டு இடங்கள் கருப்பைவாயும் வாய்-தொண்டையும். இரண்டிலும் கதிர்வீச்சோடு சேர்த்துக் கொடுப்பதே வழக்கம். கதிர்வீச்சால் உடைந்த டிஎன்ஏவைச் செல் சரிசெய்யவிடாமல் பிளாட்டினம் குறுக்கே நிற்கிறது. கருப்பைவாய்ப் புற்றுநோயில் இந்தச் சேர்க்கை பலன் தருகிறது என்று 1999-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் மருத்துவர்களுக்குத் தனி அறிவிப்பே அனுப்பியது. தலை-கழுத்துப் புற்றுநோயில் வாராவாரம் சிறிதாகக் கொடுப்பதா, மூன்று வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கொடுப்பதா என்ற தகராறு நெடுநாளாக உண்டு. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 300 நோயாளிகளிடம் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், சதுர மீட்டருக்கு வாரம் 30 மி.கி. வீதம் கொடுத்ததைவிட மூன்று வாரத்துக்கு ஒருமுறை 100 மி.கி. வீதம் கொடுத்தது நோயை அதே இடத்தில் அடக்குவதில் மேலாக இருந்தது. கடும் பக்கவிளைவுகளும் அதில் கூடுதல். தகராறு அதோடு முடிந்துவிடவில்லை.

பக்கவிளைவுகள் ஏன் இவ்வளவு கடுமை?

சிறுநீரகம், காது, நரம்பு, வயிறு என நான்கு இடங்களில் அடிக்கிறது. முதல் சோதனைகளில் சிறுநீரகச் சேதம் இவ்வளவு மோசமாக இருந்ததால் மருந்தையே கைவிடும் பேச்சு எழுந்தது. அதைக் காப்பாற்றியது இன்னொரு மருந்து என்பதைவிட, தண்ணீர் என்று சொல்வதே சரி. மருந்துக்கு முன்னும் பின்னும் லிட்டர் கணக்கில் சலைன் ஏற்றிச் சிறுநீரைப் பெருக்கினால் சேதம் வெகுவாகக் குறையும் என்று 1970-களில் தெரிந்தது. சிஸ்பிளாட்டின் நாளில் காலை முதல் மாலை வரை ட்ரிப் ஏறுவதும், "ஏன் இவ்வளவு நேரம்?" என்று துணைக்கு வந்தவர் அலுத்துக்கொள்வதும் இதனால்தான். மக்னீசியம் குறைவதும் உண்டு. அதனால் சலைனோடு அதையும் சேர்க்கிறார்கள்.

வாந்திக்கு 1990-களின் தொடக்கத்தில் வந்த ஒண்டான்செட்ரான் பெரிய விடுதலை. காதுக்கு வரும் சேதம்தான் பிடிவாதமானது. உட்காதில் உள்ள நத்தைக்கூட்டில் பிளாட்டினம் மாதக்கணக்காக, ஆண்டுக்கணக்காகத் தங்கிவிடுகிறது. பரவாத கட்டிக்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளுக்கு, மருந்து கொடுத்துச் சில மணி நேரம் கழித்துச் சோடியம் தயோசல்ஃபேட் ஏற்றும் முறைக்கு 2022-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தயோசல்ஃபேட்டில் கந்தகம் உண்டு. மீந்த பிளாட்டினத்தை அது பிடித்துக்கொள்கிறது. முன்கூட்டியே கொடுத்தால் கட்டிக்குப் போக வேண்டியதையும் பிடித்துவிடும் என்பதால் இடைவெளி முக்கியம்.

கார்போபிளாட்டினும் ஆக்சாலிபிளாட்டினும் எப்படி வேறுபடுகின்றன?

கார்போபிளாட்டினில் இரண்டு குளோரைடுகளுக்குப் பதிலாக, இரு முனையிலும் பிடித்துக்கொள்ளும் ஒரு கரிம அமிலத் துணை இருக்கிறது. இரண்டு கையாலும் பிடித்த துணை அவ்வளவு சீக்கிரம் விடாது. ஆகவே சிறுநீரகச் சேதமும் வாந்தியும் குறைவு. அதற்கு ஈடாக எலும்பு மஜ்ஜை அடி வாங்குகிறது, இரத்தத் தட்டணுக்கள் இறங்குகின்றன. இது பிரிட்டனில் 1986-இலும் அமெரிக்காவில் 1989-இலும் அனுமதி பெற்றது. இதன் பெரும்பகுதியைச் சிறுநீரகம் அப்படியே வெளியேற்றுவதால், அளவை உடற்பரப்பு கொண்டு கணிப்பதில்லை. ஹிலரி கால்வெர்ட் தந்த சூத்திரம் இது: சிறுநீரகம் நிமிடத்துக்கு வடிகட்டும் மில்லிலிட்டரோடு 25-ஐக் கூட்டி, இரத்தத்தில் மருந்து எவ்வளவு, எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்பதைக் குறிக்கும் இலக்கு எண்ணால் பெருக்க வேண்டும். வடிகட்டும் அளவு 60, இலக்கு 5 என்றால் 85 × 5 = 425 மி.கி. மருந்தியலில் இவ்வளவு எளிமையாகவும் இவ்வளவு பயனோடும் அமைந்த சூத்திரம் அதிகமில்லை.

ஆக்சாலிபிளாட்டின் ஜப்பானின் நகோயாவில் கிதானி குழு 1970-களில் உருவாக்கியது. பிரான்சில் 1996-இலும் அமெரிக்காவில் 2002-இலும் அனுமதி பெற்றது. அம்மோனியாக்களுக்குப் பதில் ஒரு வளைய டையமீன், குளோரைடுகளுக்குப் பதில் ஆக்சலேட். சிஸ்பிளாட்டின் பலிக்காத பெருங்குடல் புற்றுநோயில் இது பலிக்கிறது. இது செல்லைக் கொல்வது டிஎன்ஏ சேதத்தால் என்பதைவிட, புரதம் செய்யும் ரைபோசோம்களின் உற்பத்தியைக் குலைப்பதால் என்று 2017-இல் ஒரு குழு காட்டியது. அதாவது "மூன்றும் ஒரே குடும்பம், ஒரே வேலை" என்பது சரியல்ல. இதற்கே உரிய பக்கவிளைவு குளிர்: ஐஸ் தண்ணீர் குடித்தால் தொண்டை இறுகுவது போலவும், ஃப்ரிட்ஜுக்குள் கை விட்டால் ஷாக் அடித்தது போலவும் இருக்கும்.

சிஸ்பிளாட்டினைச் சலைனிலும் ஆக்சாலிபிளாட்டினைக் குளுக்கோஸிலும் கலப்பது ஏன்?

வார்டில் கேட்கப்படும் மிக நல்ல கேள்வி. சலைனில் உள்ள குளோரைடு சிஸ்பிளாட்டினின் குளோரைடைக் கழலவிடாமல் காக்கிறது. குளுக்கோஸில் போட்டால் பாட்டிலிலேயே கழலத் தொடங்கிவிடும். ஆக்சாலிபிளாட்டினுக்கு அதே குளோரைடு பகை: ஆக்சலேட்டைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். எனவே அதற்கு ஐந்து விழுக்காடு குளுக்கோஸ். மருந்தைத் தொடும் ஊசியிலோ குழாயிலோ அலுமினியப் பாகம் இருக்கக் கூடாது. சிஸ்பிளாட்டின் அதோடு வினைபுரிந்து கறுப்பாகப் படியும். சிஸ்பிளாட்டின் கரைசலை ஃப்ரிட்ஜில் வைப்பதும் தவறு, படிகமாக விழுந்துவிடும்.

சிலருக்கு ஏன் மருந்து பலிக்காமல் போகிறது?

செல் பல வழிகளில் தப்புகிறது. செம்பை உள்ளே கொண்டுவரும் வாயில் வழியாகவே ஓரளவு பிளாட்டினமும் நுழைகிறது. அந்த வாயிலைக் குறைத்துக்கொள்ளலாம். குளுட்டாதயோனைப் பெருக்கலாம். வளைந்த டிஎன்ஏவை வெட்டி ஒட்டும் பழுதுநீக்க அமைப்பை வலுப்படுத்தலாம். விந்தகப் புற்றுச் செல்களில் இந்தப் பழுதுநீக்கம் இயல்பிலேயே பலவீனமாக இருப்பது அங்கு கிடைத்த வெற்றிக்கு ஒரு காரணம். டிஎன்ஏவைப் பழுதுபார்க்க உதவும் பிராக்கா (BRCA) மரபணுவில் பிழை உள்ள சூலகப் புற்றுநோய் பிளாட்டினத்துக்கு நன்கு கட்டுப்படுவதும் அதே தர்க்கம்தான். சிகிச்சையின் போக்கில் அந்த மரபணு மறுபடி திருந்திக்கொண்டு மருந்துக்கு அடங்காமல் போவதும் உண்டு.

புதிய பிளாட்டின மருந்துகள் ஏன் வருவதில்லை?

ஆய்வகத்தில் ஆயிரக்கணக்கில் வருகின்றன. மருந்துக்கடை வரை வருவதுதான் இல்லை. ஜப்பானில் நெடாபிளாட்டின், சீனாவில் லோபாபிளாட்டின், கொரியாவில் ஹெப்டாபிளாட்டின் என நாட்டளவில் சில உண்டு. உலகெங்கும் பரவியவை முன்சொன்ன மூன்றே. வாய்வழி மாத்திரையாக வரவிருந்த சாட்ராபிளாட்டின், புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய் உள்ள 950 பேரிடம் சோதிக்கப்பட்டது. நோய் வளர்வதைத் தாமதித்தாலும் ஆயுளைக் கூட்டவில்லை, அதோடு நின்றது.

எனக்கு நம்பிக்கை உள்ள பாதை நான்கு எலக்ட்ரான் இழந்த பிளாட்டினம். அதற்கு ஆறு ஈனிகள், எண்முகி வடிவம். இது ஏறக்குறைய எதனோடும் வினைபுரியாமல் பயணம் செய்து, செல்லுக்குள் போய் இரண்டு எலக்ட்ரான்களைப் பெற்றவுடன் மேலும் கீழும் உள்ள இரண்டு ஈனிகளை உதிர்த்துச் சிஸ்பிளாட்டினாக மாறும் முன்மருந்து. உதிரும் ஈனியே இன்னொரு மருந்தாக இருக்கலாம். லிப்பர்ட் குழுவின் மிடாபிளாட்டின் அப்படி டைகுளோரோஅசிட்டேட்டைச் சுமந்து போகிறது. பிரிட்டனின் வாரிக் பல்கலைக்கழகத்தில் பீட்டர் சாட்லர் குழு, ஒளி பட்டால் மட்டும் விழித்துக்கொள்ளும் சேர்மங்களைச் செய்கிறது. சிக்கல் என்னவென்றால், எலக்ட்ரான் தருவதற்கு இரத்தத்திலும் பொருள்கள் உண்டு. அங்கேயே உதிர்ந்துவிட்டால் இவ்வளவு பாடும் வீண்.

பாக்டீரியாவில் தொடங்கியதுதானே, தொற்றுநோய்க்குச் சிஸ்பிளாட்டினைக் கொடுத்தால் என்ன?

கொடுக்கக் கூடாது. அது பாக்டீரியாவைக் கொல்லும், ஐயமில்லை. ரோசன்பர்க்கே கவனித்த ஒன்று: மின்சுமையுள்ள பிளாட்டின அயனிகள் பாக்டீரியாவைக் கொன்றன, மின்சுமையற்ற சேர்மங்கள் அதை நீளச் செய்தன. புற்றுநோய்க்குப் போனது இரண்டாவது பாதை. முதல் பாதையை அப்போது யாரும் பெரிதாகத் தொடரவில்லை. வழக்கமான நுண்ணுயிர் எதிர்ப்பிகளுக்குச் சாகாமல் உறங்கிக் கிடக்கும் பாக்டீரியாக்களையும் சிஸ்பிளாட்டின் கொல்வதை 2016-இல் பென்சில்வேனியாவில் தாமஸ் வுட் குழு காட்டியது. இருந்தாலும் நம் செல்லுக்கும் அந்த டிஎன்ஏ, அந்தக் குவானின் இருக்கிறதே. சிஸ்பிளாட்டின் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகமை வகைப்படுத்தியிருக்கிறது. உயிர் போகும் புற்றுநோயில் அந்த ஆபத்தை ஏற்கலாம், சளிக்காய்ச்சலில் ஏற்க முடியாது. இன்னொரு கேடும் உண்டு. டிஎன்ஏ அடிபட்ட பாக்டீரியா ஓர் அவசர நிலையை அறிவித்து, பிளப்பதை நிறுத்திவிட்டுப் பிழையோடு பழுதுபார்க்கிறது. அந்த நீண்ட இழைகளுக்கே காரணம் அதுதான். பிழை கூடினால் மருந்துக்கு அடங்காத வகைகள் உருவாக வாய்ப்பும் கூடும்.

அப்படியானால் தொற்றுக்கான பிளாட்டினச் சேர்மம் எப்படி இருக்க வேண்டும்?

டிஎன்ஏவை விட்டு விலகி, பாக்டீரியாவுக்கு மட்டும் உள்ள ஒன்றைத் தாக்க வேண்டும். இது வெறும் ஆசையாக நின்றுவிடவில்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில், உலகின் எந்த வேதியியலாளர் அனுப்பும் சேர்மத்தையும் கட்டணமின்றி நுண்ணுயிர்களுக்கு எதிராகச் சோதிக்கும் திட்டம் ஒன்று நடந்தது. அலமாரியில் தூங்கிய உலோகச் சேர்மங்களைப் பலர் அனுப்பினார்கள். 2020-இல் வெளியான தொகுப்பின்படி 906 உலோகச் சேர்மங்களில் 88, பாலூட்டிச் செல்களையும் சிவப்பணுக்களையும் கெடுக்காமல், ஏதாவது ஒரு பாக்டீரியாவையோ பூஞ்சையையோ அடக்கின. கரிமச் சேர்மங்களில் அந்த விகிதம் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழ். தட்டையான கரிம மூலக்கூறுகள் எட்டாத வடிவங்களை உலோகம் தருவது ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்தத் தொகுப்பைத் தொடர்ந்து, சைக்ளோஆக்டாடையீன் என்ற வளையத்தைச் சுமந்த பிளாட்டினச் சேர்மங்கள் மெதிசிலினுக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் உள்ளிட்ட கிராம்-பாசிட்டிவ் பாக்டீரியாக்களை அடக்குவதாக 2021-இல் ஏஞ்சலோ ஃப்ரெய் குழு வெளியிட்டது. ஈகோலை போன்ற கிராம்-நெகட்டிவ் வகைகளுக்கு வெளியே கூடுதலாக ஒரு சவ்வு உண்டு. அதைத் தாண்டுவது எப்போதும் கடினம். ஒன்றை மட்டும் சொல்லி வைக்கிறேன்: ஆய்வுக்கூடத் தட்டில் பாக்டீரியாவைக் கொல்வது எளிது, வெந்நீரும் கொல்லும். இந்தச் சேர்மங்கள் எதுவும் இன்னும் தொற்றுநோய்க்கு மருந்தாக அனுமதி பெறவில்லை.

இந்த மருந்தில் கதிரியக்கம் உண்டா? சிகிச்சை முடிந்ததும் உடலை விட்டுப் போய்விடுமா?

கதிரியக்கம் இல்லை. பெரும்பகுதி சில நாள்களில் சிறுநீரில் போய்விடும். மிகச் சிறிய எச்சம் 20 ஆண்டு கழித்தும் இரத்தத்தில் அளக்கப்பட்டிருக்கிறது.

2023-இல் அமெரிக்காவில் இந்த மருந்துகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது எதனால்?

காப்புரிமை முடிந்த மலிவு மருந்து என்பதால் தயாரிப்போர் சிலரே. குஜராத்தில் உள்ள ஓர் ஆலையில் 2022-இன் இறுதியில் அமெரிக்க ஆய்வாளர்கள் தரக் குறைபாடுகளைக் கண்டார்கள், உற்பத்தி நின்றது. அடுத்த சில மாதங்களில் அமெரிக்காவின் பெரிய மருத்துவமனைகளே சிஸ்பிளாட்டினையும் கார்போபிளாட்டினையும் யாருக்கு முதலில் கொடுப்பது என்று வரிசை போட வேண்டியதாயிற்று.

நான் ஒரு புதிய பிளாட்டினச் சேர்மம் தயாரித்துவிட்டேன். செல்லில் போடும் முன் என்ன பார்க்க வேண்டும்?

சலைனில் ஒரு நாள் வைத்துப் பாருங்கள். பிறகு குளுட்டாதயோனோடு வைத்துப் பாருங்கள். எத்தனை மணி நேரத்தில் எந்த ஈனி கழல்கிறது என்ற எண் கையில் இல்லாமல் செல்லுக்குப் போகாதீர்கள். அடுத்தது, கரைக்கும் திரவம். கரையாத பொருளை டிஎம்எஸ்ஓவில் கரைப்பது உயிரியல் ஆய்வகங்களின் அனிச்சைப் பழக்கம். அதிலும் கந்தகம் உண்டு. சிஸ்பிளாட்டினின் குளோரைடைத் தள்ளிவிட்டு ஒட்டிக்கொள்ளும். செல்லில் நீங்கள் சோதிப்பது நீங்கள் தயாரித்த சேர்மமாக இருக்காது. ஒப்பீட்டுக்கு வைக்கும் சிஸ்பிளாட்டினும் செத்துப்போய்விடுவதால், உங்கள் சேர்மம் அதைவிடப் பல மடங்கு மேல் என்று ஒரு பொய்யான வரைபடம் கிடைக்கும். டிஎம்எஸ்ஓவில் கரைத்த பிளாட்டின முடிவுகளை நம்ப வேண்டாம் என்று 2014-இலேயே ஒரு கட்டுரை எச்சரித்தது. அதன் பிறகும் அதே தவறோடு கையெழுத்துப் படிகள் என் மேசைக்கு வருகின்றன. சிஸ்பிளாட்டினைச் சலைனில் கரையுங்கள், வெளிச்சம் படாமல் வையுங்கள், அன்றன்றைக்குப் புதிதாகக் கரையுங்கள்.